பனிச்சரிவு காலடியில்தான் தொடங்குகிறது

பனிச்சரிவு என்ற சொல்லில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சரிவு என்றால் மலையின் சாய்ந்த பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து பனி பெயர்ந்து விழுவதும் சரிவுதான். இடத்துக்கும் நிகழ்வுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. தற்செயலோ என்னவோ, பனிமலையில் நடப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. எந்தச் சரிவில் கால் வைக்கிறோம் என்று முடிவு செய்யும்போதே, எந்தச் சரிவில் மாட்டிக்கொள்ளலாம் என்பதும் பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது.

நம் மனதில் இருக்கும் படம் வேறு. உச்சியில் எங்கோ ஒரு பனி உருண்டை புறப்படும். உருள உருளப் பெரிதாகும். யாரோ சத்தம் போட்டதால் மலையே கோபித்துக்கொண்டு இறங்கும். கேலிச்சித்திரங்களும் சினிமாவும் பழக்கிய படம் இது. கூச்சலால் பனிச்சரிவு கிளம்பாது. மனிதக் குரலின் ஒலியழுத்தம், பனியடுக்கை உடைக்கத் தேவையான அளவுக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. உண்மையில் நடப்பது இதைவிடச் சங்கடமானது. பனிமலையில் பொழுதுபோக்காகப் போய் இறந்தவர்களின் விபத்துகளைத் திரட்டிப் பார்த்தால், பத்தில் ஒன்பதில் அந்தச் சரிவைக் கிளப்பியது மாட்டிக்கொண்டவரே, அல்லது அவருடன் வந்த ஒருவர்.

கேட்கப் பயமாக இருந்தாலும் இதற்குள் ஒரு நல்ல செய்தி உண்டு. வானத்திலிருந்து விழுவதைத் தடுக்க முடியாது. ஆனால் நாமே கிளப்புவதைக் கிளப்பாமல் இருக்கலாம் அல்லவா? ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 100 பேரும் அமெரிக்காவில் 25 முதல் 30 பேரும் பனிச்சரிவில் இறக்கிறார்கள். ஸ்கீ, ஸ்னோபோர்டு, ஸ்னோமொபைல் என்று எதில் போனாலும் சரி, பெரும்பாலான மரணங்கள் பராமரிக்கப்படும் சறுக்குத்தளங்களுக்கு வெளியே, திறந்த மலையில் நடப்பவை. சறுக்குத்தளத்துக்குள் ஊழியர்கள் காலையிலேயே வெடி வைத்து ஆபத்தான சரிவுகளை இறக்கிவிடுவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அந்த வேலையைச் செய்ய ஆள் கிடையாது. அங்கே முதல் வெடி நம் உடம்பின் எடைதான்.

பாளம் எப்படி உருவாகிறது

பனிச்சரிவில் பல வகை. புதிதாக விழுந்த தளர்ந்த பனி ஒரு புள்ளியில் தொடங்கி விசிறிபோல விரிந்து இறங்கும். பார்க்க மிரட்டலாக இருந்தாலும் பெரும்பாலும் சின்னது. வசந்தத்தில் ஈரப்பனி சேறுபோல இறங்கும். மேலே தொங்கும் பனிப்பாறை உடைந்து விழுவதும் உண்டு. 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட்டின் கும்பு பனியருவியில் 16 நேபாள மலைத்தொழிலாளர்கள் இறந்தது அப்படி உடைந்த பனிக்கட்டியால். ஆனால் திறந்த மலையில் ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் ஒரே வகை: பாளமாகப் பெயரும் சரிவு.

பாளம் என்றால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பனியின் தகடு. கல்போலக் கெட்டியாக இருக்க வேண்டும் என்பதில்லை. மெத்தென்று கால் புதையும் பனிகூடப் பாளமாக இருக்கலாம். அதற்குக் கீழே ஒட்டாத ஒரு மெல்லிய அடுக்கு இருக்க வேண்டும். அதற்கும் கீழே சறுக்கிப் போக ஒரு தளம். மேலே கனம், நடுவில் பலவீனம், கீழே வழுக்கல். சரிவு போதுமான சாய்வில் இருந்தால் இனித் தேவைப்படுவது ஒரு தட்டுதான்.

அந்தப் பலவீனமான அடுக்கு எப்படி வந்தது என்பதில்தான் சுவாரசியம். மலையின் பனி ஒரே நாளில் விழுந்ததல்ல. ஒவ்வொரு புயலும் ஓர் அடுக்கு, ஒவ்வொரு வெயில் நாளும் ஒரு மேலோடு, ஒவ்வொரு காற்றும் ஒரு பூச்சு. குளிர்காலத்தின் நாட்குறிப்பு முழுக்கத் தரைக்கும் மேற்பரப்புக்கும் நடுவில் அடுக்கடுக்காக எழுதிவைத்திருக்கும். தரையை ஒட்டிய பனி கிட்டத்தட்ட 0 டிகிரியில் இருக்கும், ஏனென்றால் பூமியின் சூடு மேலே வருகிறது, பனியோ போர்வைபோல அதை மூடிக்கொண்டிருக்கிறது. மேற்பரப்பு இரவில் மைனஸ் 15, மைனஸ் 20 என்று போகும். பனி ஆழமாக இருந்தால் இந்த வித்தியாசம் மெதுவாகப் பரவும், பிரச்சினையில்லை. பனி மெலிதாக இருந்தால், ஒரு மீட்டருக்கு 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். அப்போது கீழே உள்ள துகள்களிலிருந்து நீராவி கிளம்பி மேலே போய்ப் படியும். உருண்டையாக, ஒன்றோடொன்று பிணைந்திருந்த துகள்கள் கூர்மையான முகங்கள் கொண்ட படிகங்களாக மாறிவிடும். கையில் அள்ளினால் சீனிபோல விரல் இடுக்கில் கொட்டும். உருண்டை பிடிக்க வராது. இதுதான் அடித்தளம் என்றால், மேலே கட்டிய வீடு எப்படி நிற்கும்?

குளிர்காலத் தொடக்கத்தில் கொஞ்சம் பனி விழுந்து, பிறகு மூன்று வாரம் வானம் தெளிவாக, கடுங்குளிராக இருந்தால் அனுபவசாலிகள் முகம் சுளிப்பது இதனால்தான். பார்ப்பவர்களுக்கு அது நல்ல வானிலை. அடியில் சீனி தயாராகிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, பார்க்க அழகானது. தெளிவான, காற்றில்லாத இரவில் பனியின் மேற்பரப்பில் இறகுகள்போல உறைபனி பூக்கும். காலை வெயிலில் மினுமினுக்கும். நடந்தால் கண்ணாடிச் சில்லுபோலக் கலகலக்கும். மேலே இருக்கும்வரை அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அடுத்த புயல் மென்மையாக, காற்றில்லாமல் வந்து அந்த இறகுகளை நின்ற நிலையிலேயே மூடிவிட்டால்தான் ஆபத்து. சில மில்லிமீட்டர் உயரமுள்ள அந்தப் படிகங்கள், மேலே ஏறிய பாளத்தைத் தாங்கியபடி வாரக்கணக்கில் அப்படியே நிற்கும்.

சரி, அது எப்படி உடைகிறது? ஒருவர் சறுக்கிப் போகிறார். அவருடைய எடை பனிக்குள் இறங்கி, ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம்வரை உறைக்கிறது. பாளம் தடிமனாக இருக்கும் இடத்தில் அந்தத் தட்டு கீழ் அடுக்கை எட்டாமலே போகலாம். ஓரத்தில், பாறை தலைகாட்டும் இடத்தில், பனி மெலிந்திருக்கும். அங்கே எட்டிவிடும். அந்த ஓர் இடத்தில் படிகங்கள் நொறுங்க, பாளம் ஒரு மில்லிமீட்டர் கீழே உட்கார, அந்த உட்காருதல் பக்கத்துப் படிகங்களை நொறுக்க, விரிசல் நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் ஓடும். சரிவு முழுக்க ஒரே நேரத்தில் கண்ணாடிபோல விரியும். அதனால்தான் பத்துப் பேர் பத்திரமாகக் கடந்த சரிவு பதினொன்றாவது ஆளுக்கு உடைகிறது. பத்துப் பேரும் தடிமனான இடத்தில் போனார்கள். இவர் ஐந்து மீட்டர் தள்ளிப் போனார், அவ்வளவுதான். முன்னால் போன தடம் பாதுகாப்புக்குச் சான்று அல்ல என்று பயிற்சிகளில் திரும்பத் திரும்பச் சொல்வது இதை வைத்துத்தான்.

டிகிரி என்னும் ஒற்றை எண்

பனியின் உட்புறத்தைக் கணிப்பது கடினம். சரிவின் சாய்வை அளப்பது எளிது. அதிர்ஷ்டவசமாக, எளிதான இந்த எண்ணுக்குத்தான் அதிக மதிப்பு.

பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில் கிளம்புகின்றன. மிக அதிகம் 38 டிகிரியை ஒட்டி. 30-க்குக் கீழே கிளம்புவது அபூர்வம். 50-க்கு மேலே பனி தங்கிச் சேர்வதே குறைவு, விழுந்த கையோடு உதிர்ந்துகொண்டே இருக்கும். சிக்கல் என்னவென்றால், சறுக்குவதற்கு மிகவும் சுகமான சாய்வும் இதே 30 முதல் 40 டிகிரிதான். ஆபத்தும் ஆசையும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன.

அளக்க என்ன வேண்டும்? ஸ்கீ கோலைச் சரிவின்மேல் படுக்கவைத்து, அதன்மேல் போனை வைத்தால் சாய்வுமானிச் செயலி எண்ணைச் சொல்லிவிடும். வீட்டிலிருந்தே அளக்கலாம்: 1:25,000 வரைபடத்தில் 20 மீட்டர் இடைவெளிச் சமஉயரக் கோடுகள் 1.4 மில்லிமீட்டரைவிட நெருங்கினால் அங்கே 30 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள். இப்போது சாய்வுக்கேற்ப நிறம் பூசிய வரைபடங்களும் போனில் கிடைக்கின்றன. ஒரு எச்சரிக்கை: அந்த நிறங்கள் சின்ன மேடுகளை விழுங்கிவிடும். பத்து மீட்டர் உயரமுள்ள செங்குத்தான கரை வரைபடத்தில் தெரியாது. ஓர் ஆளைப் புதைக்க அது தாராளமாகப் போதும்.

நிற்கும் இடத்தின் சாய்வை மட்டும் பார்த்தால் போதாது. தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதும் கணக்கு. சமதளத்தில் நடப்பவர் மேலேயுள்ள செங்குத்துச் சரிவைத் தூரத்திலிருந்தே கிளப்பிவிட முடியும், ஏனென்றால் பலவீனமான அடுக்கு சமதளத்திலும் தொடர்கிறது. விரிசல் அதன் வழியே மேலேறிப் போகும். தானாகக் கிளம்புவதும் உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று கனடாவின் ரோஜர்ஸ் கணவாய்ப் பகுதியில் 17 பேர் கொண்ட பள்ளிக் குழு ஒரு பள்ளத்தாக்கின் அடியில் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து மலையிலிருந்து தானாகக் கிளம்பிய பெரிய சரிவு பள்ளத்தாக்கை மூடியது. 7 மாணவர்கள் இறந்தார்கள். அவர்கள் செங்குத்தில் ஏறவே இல்லை. சரிவுகள் வந்து முடியும் பாதையில் இருந்தார்கள், அவ்வளவே. அதற்குப் பிறகு, 2004-இல் கனடாவின் தேசியப் பூங்கா நிர்வாகம் ஒவ்வொரு வழியையும் எளிய, சவாலான, சிக்கலான நிலப்பரப்பு என்று தரம் பிரித்து வெளியிட ஆரம்பித்தது. பனி நாளுக்கு நாள் மாறும், நிலம் மாறாது. மாறாததை முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்ற எளிய யோசனை. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் வந்த மிகப் பயனுள்ள யோசனைகளில் இதுவும் ஒன்று.

நிலத்தைப் பார்க்கும்போது இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இங்கே மாட்டினால் எங்கே போய்ச் சேர்வேன்? சரிவு கீழே விரிந்து தட்டையாக முடிந்தால் சின்னச் சரிவு நம்மைப் புரட்டிவிட்டுப் போய்விடும். அதே சரிவு ஓர் ஓடைப் பள்ளத்தில் முடிந்தால் பனியெல்லாம் அங்கே குவிந்து மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில் புதைக்கும். மரங்கள் இருந்தால் அவற்றில் மோதியே உயிர் போகும். பனிச்சரிவு மரணங்களில் கணிசமானவை மூச்சுத்திணறலால் அல்ல, அடிபட்டு நேர்பவை.

மலை தானே சொல்பவை

சில அடையாளங்களுக்குக் கருவி எதுவும் வேண்டாம். அன்றோ முந்தின நாளோ பக்கத்தில் விழுந்த புதிய சரிவு ஒன்று கண்ணில் பட்டால், அதே திசை, அதே உயரம் கொண்ட மற்ற சரிவுகளும் அதே நிலையில்தான் இருக்கின்றன. இதைவிடத் தெளிவான அறிவிப்பை மலை தராது. நடக்கும்போது காலடியில் ‘உம்ப்’ என்று அமுங்கிய ஓசை வந்தால், பலவீனமான அடுக்கு அங்கேயே நொறுங்கிவிட்டது என்று அர்த்தம். சாய்வு போதாததால் மட்டும் எதுவும் நகரவில்லை. முதல்முறை கேட்பவர்களுக்கு வயிற்றைப் புரட்டும் ஓசை அது. ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடுவதும் அதே செய்திதான்.

காற்றைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. வானத்திலிருந்து பனி விழாத நாளிலும் காற்று முகட்டின் ஒரு பக்கத்துப் பனியைச் சுரண்டி மறுபக்கத்தில் கொட்டும், பனிப்பொழிவைவிடப் பத்து மடங்கு வேகத்தில்கூட. நீலவானம், முகட்டில் கொடிபோலப் பறக்கும் பனிப்பொடி: புகைப்படத்துக்கு அருமை. காற்று மறைவுச் சரிவில் பாளம் ஏறிக்கொண்டிருப்பதும் அதே காட்சியில்தான். முகட்டு ஓரத்தில் திண்ணைபோல வெளியே தொங்கும் பனிவிளிம்பு காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று காட்டிக்கொடுக்கும். அதன்மேல் நடக்கக் கூடாது. நாம் நினைப்பதைவிட ரொம்பவே உள்ளே தள்ளித்தான் அது உடையும்.

திடீர் வெப்பமும் அப்படித்தான். பனிமேல் மழை பெய்தாலும், இரவு உறையாமல் காலையிலேயே வெயில் ஏறினாலும் ஈரச்சரிவுகள் தொடங்கும். வசந்தத்தில் மலையேறுபவர்கள் நள்ளிரவு தாண்டி விளக்குடன் கிளம்பி, மதியத்துக்குள் இறங்கிவிடுவது வீரம் காட்ட அல்ல.

பனிக்குழி தோண்டிப் பார்க்கும் சோதனையும் உண்டு. ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். 90 சென்டிமீட்டர் அகலம், சரிவின் மேல்நோக்கி 30 சென்டிமீட்டர் நீளம் கொண்ட ஒரு தூணை நான்கு பக்கமும் அறுத்துத் தனியாக்குவார்கள். தூணின் ஒரு முனையில் மண்வாரியின் தகட்டை வைத்து, அதன்மேல் கையால் தட்டுவார்கள். முதல் பத்துத் தட்டு மணிக்கட்டிலிருந்து மட்டும், மெதுவாக. அடுத்த பத்து முழங்கையிலிருந்து. கடைசிப் பத்து தோளிலிருந்து, ஓங்கி. தட்டத் தட்ட எண்ண வேண்டும். பதினான்காவது தட்டில் அடுக்கு உடைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடைந்ததைவிட முக்கியம், அந்த உடைப்பு தட்டிய முனையோடு நின்றதா, 90 சென்டிமீட்டரும் ஒரே மூச்சில் ஓடியதா என்பது. ஓடினால், மேற்பாளம் முழுசாக இழுப்பறைபோல வழுக்கி மடியில் வந்து விழும். அதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் அந்தச் சரிவில் ஏற மாட்டார்.

ஆனால் இந்தச் சோதனையை ஒருதிசை வழியாகத்தான் நம்ப வேண்டும். மோசமான முடிவு வந்தால் திரும்பலாம். நல்ல முடிவு வந்தால் அந்தக் குழி இருந்த இடத்தில் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். இருபது மீட்டர் தள்ளிக் கதை வேறாக இருக்கலாம். போக வேண்டும் என்று மனதில் முடிவெடுத்துவிட்டு, அதற்கு அனுமதிச் சீட்டு வாங்குவதுபோலக் குழி தோண்டுவது நல்ல பழக்கமல்ல.

மூன்றாம் எண்ணின் மயக்கம்

பனிமலை நாடுகள் பலவற்றில் குளிர்காலம் முழுக்கத் தினமும் பனிச்சரிவு அறிக்கை வருகிறது. சுவிட்சர்லாந்தின் டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் 1945 முதல் இதை வெளியிடுகிறது. ஐரோப்பா 1993-இல் ஐந்து நிலை அளவுகோலுக்கு ஒத்துக்கொண்டது: 1 குறைவு, 2 மிதம், 3 கணிசம், 4 அதிகம், 5 மிக அதிகம். வட அமெரிக்காவிலும் இதே ஐந்து.

பள்ளிக்கூடக் கணக்கில் ஐந்துக்கு மூன்று என்றால் நடுவாந்தரம். மனது அப்படித்தான் படிக்கிறது. இந்த அளவுகோல் அப்படி ஏறுவதில்லை. ஒவ்வொரு படியிலும் ஆபத்து மடங்காகக் கூடுகிறது. மூன்றாம் நிலைக்கு விளக்கம், மனிதர் கிளப்பும் சரிவு நேர வாய்ப்புண்டு என்றில்லை. நேரும் என்றே எதிர்பார்க்கலாம் என்பது. அதிகம் பேர் இறப்பது இந்த 3-ஆம் நிலை நாட்களில்தான். நான்கு, ஐந்து என்றால் எல்லோருக்கும் பயம், புயலும் வீசிக்கொண்டிருக்கும், யாரும் போவதில்லை. மூன்று வரும் நாட்கள் பல நேரம் புயல் முடிந்த மறுநாள். வெயில், புதுப்பனி, விடுமுறை. போகலாமா என்றால் எல்லாக் கைகளும் உயரும்.

எண்ணைப் படித்துவிட்டு மூடிவைப்பதும் போதாது. எந்தத் திசை நோக்கிய சரிவுகள், எந்த உயரத்துக்கு மேல், என்ன வகைப் பிரச்சினை என்பதெல்லாம் கீழேதான் எழுதியிருக்கும். காற்றுப் பாளம் என்றால் சில நாளில் அடங்கிவிடும், கண்ணாலும் கண்டுபிடிக்கலாம். பழைய அடுக்கின் பிரச்சினை என்றால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது, வாரக்கணக்கில் நீடிக்கும். அப்படியான பருவத்தில் சாமர்த்தியமாகச் சரிவுகளைத் தேர்ந்தெடுக்கப் பார்ப்பதைவிட 30 டிகிரிக்குக் கீழே, மேலே எதுவும் தொங்காத இடங்களில் சுற்றிவிட்டு வருவதே என் பார்வையில் சரி. அங்கேயும் பனி அதே பனிதான்.

பத்து நிமிடம்

மாட்டினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே சொன்னவற்றின் கனம் புரியாது. பாளம் சில நொடிகளில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். ஓடும்போது திரவம்போல இருக்கும் பனி, நின்ற மறுகணம் இறுகிவிடும். புதுப்பனியின் அடர்த்தி கன மீட்டருக்கு 100 கிலோவை ஒட்டி; சரிந்து நின்ற பனியில் 300 முதல் 500 கிலோ. விரலைக்கூட அசைக்க முடியாது. முகத்துக்கு முன்னால் ஒரு கை வந்திருந்தால் கொஞ்சம் காற்றுக்கு இடம் கிடைக்கும். விட்ட மூச்சே அங்கே தேங்கும். அதன் ஈரம் பனியில் உறைந்து முகத்தைச் சுற்றி ஐஸ் ஓடாக மாறும்.

முழுதும் புதைந்தவர்கள் 15 நிமிடத்துக்குள் வெளியே வந்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள் என்று 1990-களின் ஆய்வுகள் சொல்லின. பல ஆண்டு அந்தப் பதினைந்துதான் மந்திர எண். சுவிட்சர்லாந்தின் நாற்பது ஆண்டுத் தரவுகளை வைத்து 2024-இல் வந்த ஆய்வு அதைப் பத்து நிமிடமாகக் குறைத்துவிட்டது. பத்து நிமிடம்வரை 91 சதவீதம். முப்பது நிமிடத்தில் 31 சதவீதம். மீட்புக்குழுவை போனில் அழைத்து, ஹெலிகாப்டர் கிளம்பி, இடம் கண்டுபிடித்து வர இதற்குள் முடியுமா? அநேகமாக முடியாது. ஆக, காப்பாற்றக்கூடியவர்கள் கூட வந்தவர்கள் மட்டுமே.

அதனால்தான் மூன்று பொருட்களை ஒவ்வொருவரும் சுமக்க வேண்டும்: பீக்கன், பனிக்குள் குத்தித் தேடும் நீளமான ப்ரோப் கம்பி, மண்வாரி. பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும் சின்ன ரேடியோ. உடம்போடு கட்டிக்கொள்ள வேண்டும், பையில் போடக் கூடாது. பை பிய்ந்து போய்விடலாம். போன் பக்கத்தில் இருந்தால் குழப்பும் என்பதால் சாதாரணமாக 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி வைப்பது விதி.

நண்பர் புதைந்துவிட்டார். முதலில் நிற்க வேண்டும், ஓடக் கூடாது: இன்னொரு சரிவு வருமா, கடைசியாக அவரை எங்கே பார்த்தோம்? எல்லோரும் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மறந்தாலும் அவருடைய சிக்னலைத் துரத்திக்கொண்டு போவோம். சிக்னல் கிடைத்ததும் அம்புக்குறி நேர்க்கோட்டில் அழைத்துப் போகாது, காந்தப்புலத்தின் வளைவில் சுற்றி அழைத்துப் போகும். புதியவர்கள் இங்கேதான் கருவி கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். கருவி காட்டும் தூரம் 3 மீட்டருக்குக் கீழே வந்ததும் குனிந்து, கருவியைப் பனியை உரசுவதுபோல வைத்து, குறுக்கும் நெடுக்கும் மெதுவாக நகர்த்தி, மிகச் சிறிய எண் எங்கே என்று பார்க்க வேண்டும். அங்கே தொடங்கி 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள்வட்டமாக, சரிவுக்குச் செங்குத்தாகக் கம்பியைக் குத்த வேண்டும். தரை ‘டக்’ என்று தட்டும். மனித உடம்பு மெத்தென்று திருப்பித் தள்ளும். பட்டதும் கம்பியை உருவவே கூடாது.

தோண்டுவதில்தான் அதிக நேரம் போகிறது, ஆனால் பயிற்சியில் குறைவாகச் செய்வதும் அதைத்தான். கம்பிக்கு நேர் மேலே நின்று கிணறு வெட்டுவதுபோல வெட்டினால் அள்ளிய பனியே திரும்ப உள்ளே விழும், புதைந்தவரின் காற்றிடமும் நசுங்கும். கம்பியில் ஆழம் பார்த்து, அதுபோல ஒன்றரை மடங்கு தூரம் சரிவில் கீழே இறங்கி, அங்கிருந்து உள்நோக்கிக் குடைய வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்துக்கே ஒரு டன் அளவுக்குப் பனியை நகர்த்த வேண்டியிருக்கும். இதை இரண்டு மூன்று பேர் முறைபோட்டுச் செய்தால்தான் அந்தப் பத்து நிமிடம் ஒத்துவரும். பிளாஸ்டிக் மண்வாரி வாங்கி மிச்சம் பிடித்தவர்கள் இங்கே வருந்துவார்கள். இறுகிய பனியில் அது பிளந்துவிடும்.

காற்றுப்பை வைத்த முதுகுப்பைகளும் வந்துவிட்டன. கைப்பிடியை இழுத்ததும் பை ஊதிப் பெருகும். கலகலக்கும் துகள்களுக்குள் பெரிய பொருள் மேலே வரும் என்ற இயற்பியல்தான் அடிப்படை. கடலைக் கலவையைக் குலுக்கினால் பெரிய கொட்டைகள் மேலே வருவதுபோல. சரியாக விரிந்தால் இறப்பு வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பாதியாகிறது, பூஜ்யமாவதில்லை. மரத்தில் மோதினால் பை எதுவும் செய்யாது.

ஒருவர் ஒருவராக

திறந்த சரிவைக் கடக்கும்போது ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆபத்தில் இருக்க வேண்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று, கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். நடுவில் நின்று புகைப்படம் எடுப்பது, மூச்சு வாங்குவது, சாக்லெட் சாப்பிடுவது எல்லாம் அந்தப் பக்கம் போன பிறகு. கோலின் வாரைக் கையில் மாட்டக் கூடாது, ஏனென்றால் சரிவில் அது நங்கூரம்போலக் கீழே இழுக்கும். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. குளிரில், பசியில், மாலை நெருங்கும்போது எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து நடந்துவிடுவார்கள்.

அங்கிருந்து மனிதர்கள் பற்றிய விஷயத்துக்கு வருவோம். 2012 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்டீவன்ஸ் கணவாய்க்குப் பின்புறமுள்ள டன்னல் க்ரீக் பகுதியில் ஏறக்குறைய 16 பேர் ஒன்றாக இறங்கப் போனார்கள். எல்லோரும் கைதேர்ந்தவர்கள், தொழில்முறைச் சறுக்காளர்களும் உள்ளூரின் நீண்ட அனுபவசாலிகளும் இருந்தார்கள். சரிவு உடைந்து புனல்போன்ற பள்ளத்தில் இறங்கியது. மூன்று பேர் இறந்தார்கள். காற்றுப்பை வைத்திருந்த ஒருவர் பிழைத்தார். இத்தனை பேர் போவது சரியில்லை என்று சிலருக்கு அன்றே உறுத்தியிருக்கிறது. இவ்வளவு தெரிந்தவர்கள் இருக்கும்போது நான் என்ன சொல்வது என்று இருந்துவிட்டார்கள்.

இயன் மெக்கேமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நடந்த 700-க்கும் மேற்பட்ட விபத்துகளை எடுத்துப் பார்த்தார். பனிச்சரிவு பற்றிப் படித்தவர்களும் வெளிப்படையான அடையாளங்கள் இருந்தபோதே மாட்டியிருந்தார்கள். பழகிய இடம்தானே என்ற தைரியம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்ற பிடிவாதம். முன்னால் போகிறவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. வேறொரு குழு நமக்கு முன்னால் அந்தப் புதுப்பனியைத் தொட்டுவிடுமே என்ற அவசரம். இவற்றில் எதுவும் பனியைப் பற்றியதல்ல என்பதைக் கவனியுங்கள்.

இதைவிட ஆழமான ஒரு சிக்கலும் உண்டு. கார் ஓட்டுபவர் தவறு செய்தால் ஹார்ன் சத்தமாவது கேட்கும். பனிமலையில் தவறான முடிவுக்குப் பெரும்பாலும் தண்டனை கிடைப்பதில்லை. ஆபத்தான நாளிலும் பெரும்பான்மைச் சரிவுகள் உடைவதில்லை. மெலிந்த இடத்தை மிதிக்காமல் ஒருவர் இறங்கிவிடுகிறார்; அருமையான நாள், அருமையான பனி. அவர் மனதில் பதிவது ‘என் கணிப்பு சரி’ என்பது. அப்படி இருபது நாள், ஐம்பது நாள் போனால் அதற்குப் பெயர் அனுபவம். அந்த அனுபவத்தில் எவ்வளவு திறமை, எவ்வளவு அதிர்ஷ்டம் என்று பிரித்துப் பார்க்க மலை உதவுவதே இல்லை.

இதற்காகச் சில குழுக்கள் எளிய ஏற்பாடுகள் வைத்திருக்கின்றன. எந்த வழி, எந்தச் சரிவு, எங்கே திரும்புவது என்று முந்தின இரவே, சூடான அறையில், பனியைப் பார்க்காமல் எழுதிவிடுவார்கள். மறுநாள் அந்தத் திட்டத்திலிருந்து எளிய பக்கம் இறங்கலாம், கடினமான பக்கம் ஏறக் கூடாது. யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் அது எல்லோருக்கும் வேண்டாம். காரணம் கேட்கக் கூடாது, புதியவர் என்று ஒதுக்கக் கூடாது. கிளம்பும் இடத்தில் ஒருவர் நின்று, வரிசையாகத் தாண்டிப் போகும் ஒவ்வொருவரின் பீக்கனும் துடிக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பார்.

திரும்பி வந்தபின் வண்டியின் பக்கத்தில் ஈரச் சப்பாத்தைக் கழற்றியபடியே ஒரு கேள்வி: இன்று எதுவும் நடக்கவில்லை, சரி, நடந்திருந்தால் எந்த இடத்தில் நடந்திருக்கும்? ஒவ்வொருவரும் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தைச் சொல்வார்கள், அங்கே நின்றபோது யாரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள்.